90% முடிஞ்ச கிட் பிளேன்னு ஒருத்தர் சொன்னா அட்வான்ஸ் குடுத்துராதீங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர் கணபதியில லேத் பட்டறை வெச்சிருக்கேன், பம்பு ஷாஃப்ட் ஓட்டறது தான் பொழப்பு. இத எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு மாசமா வெசனத்துல கெடந்தேன். எனக்கு ஒரு கிட் பிளேன வித்து ஏமாத்துன புரோக்கர், போன வாரம் அதே போட்டோவ மறுபடியும் விலைக்குப் போட்டிருக்காரு. இனி சும்மா இருந்தா தப்பு, பணம் போனா சம்பாரிச்சுக்கலாம், இது உசுரு விசயம்.

சூலூர் பக்கம் பொறந்தவன் நான், தலைக்கு மேல பிளேன் சத்தம் கேட்டே வளந்தேன். 2022ல ஆலப்புழாக்காரர் ஒருத்தர் இங்கிலாந்துல இருந்துட்டு ஸ்லிங் கம்பெனி கிட் (பாகம் பாகமா வர்றத நாமளே சேத்துக் கட்டற விமானம்) வாங்கி, நாலு சீட்டு விமானம் சொந்தமா கட்டி, பொண்டாட்டி புள்ளைங்கள கூட்டிட்டு ஐரோப்பா சுத்துனாருன்னு நியூஸ் வந்துச்சில்ல, அன்னிக்கு புடிச்ச ஆசை. ராத்திரியெல்லாம் ஆர்வி, ஜெனித், ஸ்லிங்னு எல்லா கிட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆனா புது கிட்டு, எஞ்சின், கப்பல் செலவு, வரி எல்லாம் ஒட்டுக்கா சேத்தா என் கைக்கு எட்டல. அப்ப தான் தெரிஞ்சவரு மூலமா இந்த புரோக்கர் வந்தாரு.

ரெண்டு சீட்டு, றெக்கை மேல இருக்கற மெட்டல் கிட்டு, 90% வேலை முடிஞ்சுது, ரோட்டக்ஸ் 912 எஞ்சின் ஒரு மணி நேரம் கூட ஓடாதது, கட்டுனவரு வெளிநாடு போயிட்டாரு, மொத்தம் 26 லட்சம்னாரு. கிட்டு பண்ற கம்பெனி மேல ஒரு குத்தமும் இல்ல, அதனால பேரு வேண்டாம். பல்லடம் பக்கம் ஒரு சாளையில தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருந்தாங்க, பெயிண்டு பளபளன்னு இருந்துச்சு. "இன்னைக்கு சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வருது, நீங்க நம்மாளுங்கறதால சொல்றேனுங்க"ன்னாரு. 14 லட்சம் குடுத்துட்டு லாரியில ஏத்திட்டு வந்துட்டேன், அங்கயே ஒரு பேனலாவது கழட்டி பாத்திருக்கணும், பாக்கல.

எங்க ஊட்டுக்காரம்மாவோட பெரியப்பா ஏர்ஃபோர்ஸ்ல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவர கூட்டிட்டு வந்து காட்டுனேன். பத்து நிமிசம் ஒண்ணும் பேசல, டார்ச் அடிச்சு றெக்கையத் தாங்கற ஸ்ட்ரட்டோட கீழ் போல்டையே பாத்துட்டு இருந்தாரு. அப்பறம் ஸ்பேனர் கேட்டாரு.

கழட்டி என் கையில குடுத்த அந்த போல்ட இங்க இருக்கறவங்க ஞாபகம் வெச்சுக்கோங்க. விமானத்துக்கு போடற ஏஎன் அலாய் ஸ்டீல் போல்டுக்கு தலையில பெருக்கல் குறி மாதிரி அச்சு இருக்கும், இதுல தலை மொட்டையா இருந்துச்சு. மத்த எடங்கள்ல பாத்தா பாதி மொட்டை, பாதியில 8.8னு அச்சு, காந்திபுரத்துல கிலோ கணக்குல வாங்கற சரக்கு. 3/16 இன்ச், அதாவது 4.76 எம்எம் போல்டு போகவேண்டிய ஓட்டைய டிரில் விட்டு பெருசாக்கி எம்5, அதாவது 5 எம்எம் போல்டு போட்டிருக்காங்க, வெர்னியர் வெச்சா ஓட்டை வட்டமாவே இல்ல, முட்டை மாதிரி இருக்கு. அதை விட மோசம், மரை ஓட்டைக்குள்ளயே உக்காந்திருக்கு. வழுவழுன்னு இருக்கற தண்டு தான் பாரம் தாங்கணும், மரை வெட்டுன எடத்துல பாரம் விழுந்தா அங்க இருந்து தான் விரிசல் ஆரம்பிக்கும், பம்பு ஷாஃப்டுலயே தினம் பாக்கற விசயம் இது. ரிவெட்டும் அப்படித் தான், ஓட்டையோட நடுவுல இருந்து தகட்டு ஓரத்துக்கு ரிவெட் விட்டத்துல ரெண்டு மடங்காவது எடம் விடணும், இதுல ஓரத்த தொட்டுட்டு நிக்குது.

மாமா எந்திரிச்சு, "மாப்ள, இதுல நீங்க தனியா உக்காருவீங்களா, இல்ல புள்ளையும் கூட்டிட்டு போவீங்களா"ன்னு கேட்டாரு. எனக்கு பதில் சொல்ல வாய் வரல.

எஞ்சின் கதை இன்னும் மோசமுங்க. ஓடாத எஞ்சின்னாங்க, கார்புரேட்டர் கிண்ணத்த கழட்டுனா அடியில பச்சையா பிசின் மாதிரி ஒட்டிக் கெடக்கு, ஓஸ்ல நகம் வெச்சா பொடியுது. ஓடுனாலும் ஓடாட்டியும் ரோட்டக்ஸ்ல ரப்பர் ஓஸ் எல்லாத்தையும் 5 வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும்னு கம்பெனியே சொல்லுது. லாக் புக்கு இல்ல, சீரியல் நம்பர் தட்டையே காணோம். பங்க் பெட்ரோலே போதும்னு வேற அந்த புரோக்கர் சொன்னாரு, அந்த எஞ்சினுக்கு 10% எத்தனால் வரைக்கும் தான் அனுமதி, இப்ப நம்ம பங்க்ல வர்றது 20% கலந்தது.

பேப்பர் கேட்டேன். இறக்குமதி பில் இல்ல, கட்டும்போது எடுத்த போட்டோ ஒண்ணு கூட இல்ல. "சின்ன பிளேனுக்கு பேப்பரெல்லாம் வேண்டாமுங்க, தோட்டத்துலயே ஓட்டலாம்"னாரு. சுத்தப் பொய்யி. டிஜிசிஏ (விமானத்துக்கெல்லாம் அனுமதி குடுக்கற மத்திய அரசு ஆபீசு) பதிவு, விடி-ன்னு ஆரம்பிக்கற நம்பர், பறக்க அனுமதி இதெல்லாம் இல்லாம கெளப்பவே கூடாது. மும்பையில மொட்டை மாடியில ஆறு சீட்டு விமானம் கட்டுன அமோல் யாதவ் ஒரு பைலட்டு, அவரு 2016ல கண்காட்சியில வெச்ச விமானத்துக்கே பதிவு 2017ல, பறக்க பர்மிட் 2019ல தான் கெடச்சுது. யாரு கட்டுனதுன்னே தெரியாத தகரத்துக்கு எவன் கையெழுத்து போடுவான்? பல்லடத்துக்கு ஒரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம், அந்தாண்ட பீளமேடு ஏர்போர்ட், நெனச்ச நேரத்துல மேல போக முடியுமா? பாலக்காட்டு கணவாய் காத்து ஆனி ஆடியில அடிக்கற அடிக்குத் தான் அங்க கரண்ட் எடுக்க அத்தனை காத்தாடி நட்டிருக்காங்க. எங்க எறக்குவீங்க, யாரு ஓட்டக் கத்துக் குடுக்கறாங்கன்னு ஒரு வார்த்தை கேக்காம விக்கறவரு விமானம் விக்கறவரே இல்லீங்க.

பணத்த திருப்பிக் கேட்டதுக்கு "அப்படியே இன்னொருத்தருக்கு தள்ளி விட்டுருங்க, நானே ஆள் புடிச்சுத் தர்றேன்"னாரு. அந்த வார்த்தையில தான் எனக்கு வயிறு எரிஞ்சுது. இன்னொருத்தன் ஊட்டு புள்ளைய அதுல ஏத்தறதுக்கா? நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போட்டாச்சு, பிளேன் பட்டறையில தான் நிக்குது, றெக்கைய கழட்டி தனியா வெச்சுட்டேன், விக்க மாட்டேன்.

அவரு இப்ப போட்டிருக்கற போட்டோவுல மஞ்ச தார்ப்பாய் இருக்கும், பின்னாடி ரெண்டு தென்னமரம், எடது கதவு கண்ணாடியில சின்ன கீறல். அந்த பிளேனு என்கிட்ட இருக்குதுங்க, போட்டோவ வெச்சு அட்வான்ஸ் வாங்கிட்டு இருக்காரு. இந்த ஆசையில இருக்கற யாரா இருந்தாலும் பணம் குடுக்கறதுக்கு முன்னாடி கணபதிக்கு வாங்க, கழட்டுன போல்டெல்லாம் ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன், நல்ல ஏஎன் போல்டு ஒண்ணும் பக்கத்துலயே இருக்கு, ரெண்டையும் கையில வெச்சு பாத்துட்டு போங்க.