போச்சோனியை பிளெக்ஸில் அடிக்கலாமா? திருகோணமலை அச்சுக் கடைகள் பற்றி

உயர்தர சித்திர வகுப்புக்கோ பாடசாலைக் கண்காட்சிக்கோ எதிர்காலவாத ஓவியங்களை (வேகத்தையும் இயந்திரத்தையும் கொண்டாடிய, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து இத்தாலியக் கலை இயக்கம்) பெரிதாக அச்சிட்டெடுக்க திருகோணமலை நகருக்குள் மூன்று வகைக் கடைகள் உண்டு: போட்டோ ஸ்டூடியோ, லேசர் கலர் பிரிண்ட் எடுக்கும் கடை, பிளெக்ஸில் பெனர் அடிக்கும் கடை. கடைகளின் பெயர் தேவையில்லை. ஒரே வகைக் கடைகளில் வேலைப் பழக்கமும் குறைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த ஓவியங்களுக்கு மூன்றிலும் மலிவான பெனர் கடையே பல வேளைகளில் நல்லது. சித்திர ஆசிரியர்கள் முகம் சுளிக்கலாம்.

காரணம் ஓவியத்தின் அளவு. உம்பெர்த்தோ போச்சோனி 1910இல் தீட்டிய ‘எழும் நகரம்’ 199.3 செ.மீ. உயரமும் 301 செ.மீ. அகலமும் கொண்டது, இப்போது நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் திமிறும் சிவப்புக் குதிரை, அதை இழுத்துப் பிடிக்க முடியாமல் சாயும் தொழிலாளர் எல்லாமே நூல் நூலான தூரிகைக் கோடுகள். கோடுகள் ஒன்றோடொன்று குழையாமல் தனித்தனியே கிடக்கும். தள்ளி நின்று பார்க்கும்போதுதான் கண்ணில் நிறம் கலக்கும். ஏ4 தாளில் இது வெறும் செந்நிறத் திட்டு. 10 அடி ரோல் ஏறும் பெனர் மெஷினில் அதே ஓவியம் ஒட்டுப் போடாமல் உண்மை அளவிலேயே வந்துவிடும்: ஏறத்தாழ 9.9 அடிக்கு 6.5 அடி, அதாவது 65 சதுர அடி. சதுர அடிக் கணக்கில் காசு கொடுப்பதால் முன்கூட்டியே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த அளவுக்கு 72 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 72 புள்ளி) போதும்; படத்தின் நீளப் பக்கம் சுமார் 8,500 பிக்சல் இருக்கவேண்டும். 6,000க்குக் கீழே போனால் கோடுகள் படிப்படியாய் உடைந்து தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். தொங்கவிடப் போடும் ரிங் ஓட்டைகள் ஓவியத்துக்குள் விழாதபடி நான்கு பக்கமும் 2 அங்குலம் வெள்ளை விடச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் குதிரையை ஓட்டை போட்டுத்தான் தருவார்கள். மினுக்கமில்லாத பிளெக்ஸ் இருந்தால் அதையே கேளுங்கள். மினுங்குகிற ரகம் ஜன்னலுக்கு எதிரே தொங்கினால் பாதிப் படம் தெரியாது. மை வாடை போக ஒரு நாளாவது நிழலில் விரித்து வைத்தபின் வகுப்பறைக்குள் கொண்டுபோகலாம்.

ஸ்டூடியோக்களின் தரம் உயர்ந்ததுதான், ஆனால் அங்கு எல்லாமே கலியாண அல்பத்துக்காக அமைத்தவை. படத்தைப் போட்டதும் மெஷின் தானாக நிறத்தைத் திருத்தும்: இருட்டை வெளுப்பாக்கும், சிவப்பைத் தோல் நிறத்தின் பக்கம் தள்ளும். கார்லோ கர்ராவின் ‘அராஜகவாதி கல்லியின் இறுதி ஊர்வலம்’ போல இருளும் செம்மையும் மோதும் ஓவியத்தை இது சப்பென்று ஆக்கிவிடும். “கலர் கரெக்‌ஷன் வேண்டாம், ஷார்ப்பும் வேண்டாம்” என்று ஓடரிலேயே எழுதிக் கொடுங்கள். ஷார்ப் போட்டால் புள்ளிகளைச் சுற்றி வெள்ளை விளிம்பு விழும்.

அடுத்த தொல்லை வெட்டு. ஸ்டூடியோவின் 12க்கு 18 அங்குலம் ‘எழும் நகர’த்துக்குக் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். ஜாக்கொமோ பல்லாவின் ‘கயிற்றில் கட்டிய நாயின் இயக்கம்’ (1912, 89.8க்கு 109.8 செ.மீ.) பொருந்தாது. தாளை நிரப்பினால் மேலும் கீழுமாக 2.7 அங்குலம் போய்விடும். நாயோடு நடக்கும் பெண்ணைப் பாவாடைக்கு மேலே பல்லாவே வெட்டியிருக்கிறார்; அந்த வெட்டு எங்கே விழுகிறது என்பதில்தான் ஓவியத்தின் குறும்பு. ஆகவே நிரப்பாமல் முழுப் படமும் வரும்படி கேளுங்கள். இரு பக்கமும் 1.7 அங்குல வெள்ளை நிற்கட்டும். பல்லாவின் ‘அருவ வேகமும் ஒலியும்’ படத்தில் சட்டத்தின் மேலும் வண்ணம் ஓடுகிறது. அதை வெறும் பிரேம் என்று எண்ணிக் கத்தரித்த கோப்புகள் இருப்பதால் அனுப்புமுன் சரிபாருங்கள்.

ஜீனோ செவெரினியின் ‘பால் தபாரெ’ன் நடன அரங்கு ஓவியத்தை (1912) எந்தக் கடையும் முழுமையாகத் தராது. அதில் உண்மையான ஜிகினாத் தகடுகள் ஒட்டப்பட்டுள்ளன. அச்சில் அவை மங்கிய புள்ளிகள்தான்.

லேசர் கடைகளை நிற ஓவியத்துக்குப் பரிந்துரைக்க மாட்டோம். டோனர் சிவப்பு செம்மஞ்சளாகச் சாய்கிறது, பரந்த நிறப் பரப்பில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. எழுத்துக்கு மட்டும் அதை மிஞ்ச ஆளில்லை. இந்த இயக்கத்தைத் தொடங்கிய கவிஞர் மரினெட்டி 1914இல் வெளியிட்ட ‘ஸாங் தும்ப் தூம்’ கவிதை நூலின் பக்கங்களில் எழுத்தின் பருமனும் சாய்வுமே பீரங்கிச் சத்தம், 300 ஜி.எஸ்.எம். தடித்த அட்டையில் லேசரில் விளிம்பு கூர்மையாக வரும். அதே மரினெட்டி 1909 பெப்ரவரி 20இல் ‘லெ ஃபிகாரோ’வில் வெளியிட்ட எதிர்காலவாத அறிக்கையில் போரை உலகின் ஒரே சுகாதாரம் என்று போற்றினார்; பின்னர் பாசிசத்தோடும் சேர்ந்தார். வேகம், மோட்டார், மின்விளக்கு என்று மட்டும் குறிப்பு எழுதி, போரைப் பார்த்த இந்த ஊரின் பிள்ளைகளுக்குக் காட்டுவது நேர்மையல்ல.

ஐப்பசி முதல் தை வரையான மாரியில் தாள் அச்சுகள் ஈரம் இழுத்துச் சுருளும். ஸ்டூடியோப் படத்தை 5 மி.மீ. ஃபோம் போர்டில் ஒட்டியே வாங்குங்கள். மை முழுக்கக் காயாமல் லெமினேட் செய்தால் கொப்புளம் எழும். ஒரு நாள் பொறுக்கலாம்.

விற்பனைக்கு அடிப்பதானால் பதிப்புரிமைச் சட்டம் வேறு. ஓவியர் இறந்து 70 ஆண்டு கடக்கவேண்டும்: போச்சோனி (1916), இதே இயக்கத்து ருஸ்ஸோலோ (1947) தாண்டிவிட்டார்கள், பல்லா (1958), கர்ரா, செவெரினி (இருவரும் 1966) இன்னும் இல்லை.

பிரதிகளை நூலாக்க நினைப்பவர்கள் ஸ்பைரல் போடவேண்டாம். எதிர்காலவாத ஓவியர் ஃபோர்த்துனாத்தோ தெப்பெரோ 1927இல் தன் நூலை இரண்டு அலுமினிய போல்ட்டுகளால் முடுக்கினார். கழற்றினால் பக்கங்களை மாற்றி அடுக்கலாம். அலுவலகப் பஞ்ச் போடும் 6 மி.மீ. ஓட்டையில் எம்5 (5 மி.மீ.) போல்ட் தடையின்றிப் போகும், எம்6 (6 மி.மீ.) இறுகித் தாளைக் கிழிக்கும். இரு பக்கமும் வாஷர் போட்டு, கையால் மட்டும் முடுக்குங்கள். ஹாட்வெயார் கடையில் துருப்பிடிக்காத ரகமாகக் கேளுங்கள். உப்புக்காற்றில் சாதாரண இரும்பு சீக்கிரமே தாளில் கறை வைக்கும்.