படிவம் 15: கொழும்பு நிறுவனமா, ஊர்க் கணக்காளரா, நாமே போடுவதா?

திருகோணமலையில் தனியார் கம்பனி வைத்திருக்கும் பலர், வருமான வரி விபரத்திரட்டைக் கொடுத்ததும் அந்த ஆண்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். முடியவில்லை. வரி விபரத்திரட்டு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு உரியது. கம்பனிப் பதிவாளர் திணைக்களத்துக்கு வேறொன்று போக வேண்டும். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் கேட்கும் வருடாந்த விபரத்திரட்டு அது. எல்லோர் வாயிலும் அது ‘படிவம் 15’ தான். வியாபாரப் பெயரை மட்டும் பதிந்து தனியாளாகவோ பங்குடைமையாகவோ தொழில் செய்பவர்களுக்கு இது கிடையாது.

உப்புவெளியில் எங்களுக்கு ஒரு சிறிய விருந்தினர் விடுதி இருக்கிறது. நான், அக்கா, கனடாவில் இருக்கும் அண்ணன் என மூன்று பங்குதாரர். முதலில் கொழும்பிலுள்ள ஒரு செயலாளர் சேவை நிறுவனம் எங்கள் கம்பனிச் செயலாளராக, அதாவது பதிவேடுகளையும் படிவங்களையும் கவனிக்கும் பொறுப்பில், இருந்தது. இப்போது திருகோணமலை நகரிலேயே அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பட்டயக் கணக்காளரிடம் அந்தப் பொறுப்பை மாற்றியிருக்கிறோம். மூன்றாவது வழியும் உண்டு: கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் ஈரொக் (eROC) இணையத்தளத்தில் நாமே போடுவது. நிலாவெளியில் படகு ஓட்டும் நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்கிறார். என் சாய்வு ஊர்க் கணக்காளர் பக்கம். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நாமே போடுவதை முதலில் பார்ப்போம். முன்பு இதற்கெல்லாம் கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்த்தன மாவத்தையிலுள்ள திணைக்களக் கட்டடமான சமாகம் மெதுரவுக்கு ஏறி இறங்க வேண்டும். இரவு ரயிலில் போய் காலையில் வரிசையில் நின்றவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஈரொக் வந்த பிறகு அந்த அலைச்சல் இல்லை. விபரங்களை இணையத்தில் நிரப்பி, படிவத்தை இறக்கி அச்செடுத்து, ஒப்பமிட்டு, ஸ்கேன் செய்து ஏற்றி, கட்டணத்தைக் கார்டில் கட்டினால் சரி. செலவு இதில்தான் மிகக் குறைவு. பங்குகள் கைமாறாத, கணவன் மனைவி இருவரே பங்குதாரராக உள்ள கம்பனிக்கு இது போதும். நண்பரின் கம்பனி அப்படிப்பட்டதுதான். ஆனால் ஒவ்வொரு கம்பனிக்கும் செயலாளர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். நண்பரின் மைத்துனர் சட்டத்தரணி, அந்த மைத்துனரே செயலாளர். வீட்டில் அப்படி ஒருவர் இல்லாதவர்களுக்கு ‘நாமே போடுவது’ என்பது பாதி வழிதான்.

இன்னொரு சிக்கல் பெயர்கள். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கம்பனியைப் பதிந்தபோது கொடுத்த படிவத்தில் வேறு மாதிரி, தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுமையாகவும் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் இருக்கும். நம் ஆட்களின் பெயர்களில் இது சாதாரணம். திணைக்களம் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினால், திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். பழகியவருக்கு அது சின்ன வேலை. பருவ காலத்தில் அறைகள் நிறைந்து கிடக்கும்போது நமக்கு அது சின்ன வேலை இல்லை.

கொழும்பு நிறுவனங்கள் வேலை தெரிந்தவை. ஒரே மாதிரிக் கம்பனிகளை நிறையப் பார்ப்பவர்கள், திணைக்களத்தில் எந்தப் படிவம் எங்கே சிக்கும் என்பதை அறிந்தவர்கள். வெளிநாட்டு முதலீட்டாளர், பல வகைப் பங்குகள், அடிக்கடி மாறும் பணிப்பாளர் சபை என்றிருக்கும் கம்பனிக்கு நான் அவர்களையே சொல்வேன். அந்த அளவில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை, எங்களுடையது குடும்பக் கம்பனி. ஆனால் சிறிய கம்பனி அவர்களுக்குக் கோப்பு வரிசையில் ஒரு எண். ஆண்டுக் கட்டணம் ஒன்று, ஒவ்வொரு படிவத்துக்கும் தனிக் கட்டணம், கூரியருக்கு வேறு. பணத்தைக்கூட விட்டுவிடலாம். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த இடம் பங்குப் பதிவேடு, யாரிடம் எத்தனை பங்கு என்று எழுதிவைக்கும் புத்தகம். தனியார் கம்பனியில் ஒருவர் தன் பங்கை இன்னொருவருக்கு மாற்றும்போது, அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கம்பனிப் பதிவாளர் நாயகத்துக்கு அந்த மாற்றம் தெரியவருவது பெரும்பாலும் அடுத்த படிவம் 15 இல்தான், ஏனென்றால் பங்குதாரர் பட்டியலும் கடந்த விபரத்திரட்டுக்குப் பின் நடந்த கைமாற்றங்களும் அதில்தான் வருகின்றன. ஆகவே படிவம் 15 என்பது உண்மையில் பதிவேட்டின் நிழல். பதிவேடு சரியாக இருந்தால் படிவத்தை அரை மணித்தியாலத்தில் நிரப்பிவிடலாம். பதிவேடு யாரிடம் இருக்கிறது என்றே தெரியாவிட்டால், எந்த இணையத்தளமும் உதவாது.

எங்களுக்கு நடந்தது இதுதான். அப்பா இருந்தபோது தன் பங்கை அக்காவுக்கு மாற்றி எழுதினார். கைமாற்றுப் பத்திரம் கொழும்புக்குப் போனது. பிறகு வங்கியில் கடன் கேட்டபோது, முகாமையாளர் கடைசியாகக் கொடுத்த படிவம் 15 இன் உறுதிப்படுத்திய பிரதியைக் கேட்டார். அதில் அப்பாவின் பெயரே பங்குதாரராக இருந்தது. நிறுவனத்தில் எங்கள் கோப்பைப் பார்த்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். புதியவர் பழைய ஆண்டுப் பட்டியலைப் பார்த்து அப்படியே நிரப்பியிருக்கிறார். பதிவேடும் கூட்டக் குறிப்புப் புத்தகமும் அவர்கள் களஞ்சிய அறையில் எங்கோ இருந்தன. கடன் தள்ளிப்போனது. சரிசெய்யவும் முடிந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு புத்தகங்களையும் நாங்கள் கையில் தொட்டுப் பார்த்ததே அதற்குப் பிறகுதான்.

இத்தனைக்கும் சட்டம் சொல்வது, கம்பனியின் பதிவேடுகள் அதன் பதிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று. வேறிடத்தில் வைத்தால் அந்த இடத்தைத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். எங்கள் பதிவு அலுவலகம் உப்புவெளி. புத்தகம் கொழும்பில்.

ஊர்க் கணக்காளரிடம் முதல்முறை பேசப் போனபோது, கட்டணம் எவ்வளவு என்றுதான் நான் தொடங்கினேன். அவர், “தம்பி, காசைப் பிறகு கதைப்பம். ரெஜிஸ்டர் ஆரிட்ட இருக்கு?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரிடம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இப்போது பதிவேடும் கூட்டக் குறிப்புகளும் எங்கள் விடுதி அலுவலக அலுமாரியில் இருக்கின்றன, பிரதி அவரிடம். ஈரொக் கணக்கு எங்கள் மின்னஞ்சலில் இருப்பதால் திணைக்களம் அனுப்பும் குறிப்பு நேரே எங்களுக்கே வருகிறது. அவர் மாறினாலும் கம்பனி எங்கள் கையை விட்டுப் போகாது.

இரண்டாவது காரணம் நாட்காட்டி. நிதியாண்டு மார்ச் 31 இல் முடியும் கம்பனி, ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டெம்பர் 30 க்குள், வருடாந்தப் பொதுக்கூட்டத்தை நடத்த வேண்டும். கூட்டத்திலிருந்து 30 வேலை நாட்களுக்குள் படிவம் 15 போக வேண்டும். வருமான வரி விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. நம் ஊரில் மே முதல் செப்டெம்பர் வரைதான் பருவம்: புறாத்தீவுக்குப் படகு, திமிங்கிலம் பார்க்க வருபவர்கள், நிரம்பிய அறைகள். கூட்டம் நடத்த வேண்டிய காலமும் தலை நிமிர்த்த முடியாத காலமும் ஒன்றாகிவிடுகின்றன. கொழும்பிலிருந்து வரும் நினைவூட்டல் மின்னஞ்சல் அந்த நெரிசலில் கீழே போய்விடும். கணக்காளர் ஓகஸ்ட் மாதமே தொலைபேசியில் பேசுவார், பதில் வராவிட்டால் நேரே வந்து நிற்பார். கணக்கும் அவரே பார்ப்பதால் வரி வேலையும் படிவம் 15 உம் ஒரே மூச்சில் முடிகின்றன.

அண்ணனுடைய ஒப்பம் தனிக் கதை. கூட்டம் கூடாமல் எழுத்துத் தீர்மானத்தால் முடிக்கச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் வாக்குரிமையுள்ள பங்குதாரரில் 85 சதவீதமாவது ஒப்பமிட வேண்டும். மூன்று பேர் உள்ள எங்களில் ஒருவர் விட்டாலும் அந்த அளவு வராது. ஆகவே ஒவ்வொரு ஆண்டும் டொரொண்டோவிலிருந்து ஒரு தாள் வர வேண்டும். கணக்காளர் தீர்மானத்தைத் தமிழிலும் எழுதிக் கொடுப்பதால், அண்ணன் வாசித்து, எதற்கு ஒப்பமிடுகிறோம் என்று தெரிந்தே ஒப்பமிடுகிறார். முன்பு ‘எங்கே வைக்க வேண்டும்’ என்று மட்டும் கேட்பார்.

ஊர்க் கணக்காளரிலும் குறை இருக்கிறது. அவர் ஒரு ஆள். நோய்வாய்ப்பட்டால், வெளியூர் போனால், வேலை நிற்கும். நவம்பரில் அவரிடம் எல்லா வாடிக்கையாளரும் ஒன்றாக வந்து விழுவார்கள், அப்போது போய்ச் சேர்பவர் காத்திருக்கத்தான் வேண்டும். செயலாளராகச் செயற்பட அவருக்குத் தகுதியும் திணைக்களப் பதிவும் இருக்கிறதா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கணக்கு எழுதுபவர் எல்லோரும் கம்பனிச் செயலாளராக முடியாது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், நல்லவர் சான்றிதழை எடுத்துக் காட்டுவார்.

மூன்றில் எதை எடுத்தாலும், விட்டுவிடுவது மட்டும் வழி இல்லை. பிந்தினால் கட்டணம் கூடும், கம்பனியோடு பொறுப்பான அலுவலர்களும் குற்றப் பணத்துக்கு ஆளாகலாம். தொடர்ந்து விபரத்திரட்டு வராத கம்பனி இயங்கவில்லை என்று பதிவாளர் கருதினால், விசாரணைக் கடிதமும் வர்த்தமானி அறிவித்தலும் கடந்து பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். அப்போது கம்பனியின் பெயரிலுள்ள காணியும் வங்கிக் கணக்கும் அரசின் வசம் போகும் நிலை வரும். குடும்பக் காணியைக் கம்பனிக்கு எழுதியவர்கள் நம் ஊரில் குறைவில்லை.

செயலாளரை மாற்ற நினைப்பவர்கள் பழையவரிடமிருந்து எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: பங்குப் பதிவேடு, கூட்டக் குறிப்புப் புத்தகம், கூட்டிணைப்புச் சான்றிதழ், அமைப்பு விதிகள், கடைசியாகக் கொடுத்த படிவம் 15 இன் பிரதி, ஈரொக் கணக்கின் மின்னஞ்சல் மாற்றம். கட்டணப் பாக்கி இருந்தால் முதலில் தீர்த்துவிடுங்கள், பேச்சு இலகுவாகும். புதியவரின் சம்மதத்துக்குப் படிவம் 19, மாற்றத்தை அறிவிக்கப் படிவம் 20. அதற்கும் 20 வேலை நாள் கெடு இருக்கிறது. இதையெல்லாம் ஜனவரி, பெப்ரவரியில் செய்வது நல்லது. விடுதியும் அமைதியாக இருக்கும், கணக்காளருக்கும் நேரம் இருக்கும்.