மலிவு ரிசீவருக்கு எந்த ஸ்பீக்கர்? கல்லடியிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள எங்கள் வீட்டு முன்னறையில் 2019 முதல் ஒரு யமஹா ஆர்எக்ஸ்-வி385 ரிசீவர் ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தின் ஒலியை ஐந்து ஸ்பீக்கருக்கும் அடித்தொனிக்கான ஒரு சப்வூஃபருக்கும் பிரித்துக் கொடுக்கும் (5.1 என்பது அதுதான்) ஆரம்பநிலைச் சாதனம் அது. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகமில்லை. கொடுத்த வேலையைச் செய்கிறது. அதனோடு எந்த ஸ்பீக்கரை இணைப்பது என்பதில்தான் பணம் வீணாகிறது, அல்லது மிஞ்சுகிறது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் "எத்தனை வாட்ஸ்?" என்பதுதான்.

இந்த ரிசீவருக்கே மூன்று விடைகள் உண்டு. இரண்டு சனல்களை (சனல் என்பது ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி வழி) இயக்கி, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.09 சதவீத ஒலிச் சிதைவோடு அளந்தால் சனலுக்கு 70 வாட்ஸ். ஒரே சனலை 1 கிலோஹெர்ட்ஸில் மட்டும், 0.9 சதவீதச் சிதைவோடு அளந்தால் 100. சிதைவு 10 சதவீதம் வரை போகட்டும் என்று விட்டுவிட்டால் 135. மூன்றும் 6 ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) அளந்தவை, மூன்றும் உண்மை, மூன்றும் ஒரே பெட்டிக்குரியவை. எல்லா நிறுவனங்களும் இப்படித்தான் அச்சிடுகின்றன. கடைக்காரர் எப்போதும் கடைசி எண்ணையே சொல்வார். நான் முதல் எண்ணை மட்டுமே நம்புகிறேன். ஐந்து சனலும் ஒன்றாக உழைக்கும்போது அதிலும் குறையும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஸ்பீக்கரின் பின்புறத்தில் பார்க்க வேண்டிய எண் உணர்திறன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அது. வைகாசியில் கண்ணகியம்மன் குளிர்த்திக் காலத்தில் தென்னை மரத்தில் கட்டும் கூம்பு ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். அதன் அம்ப்ளிஃபயர் பெரிய சாதனமாக இருப்பதில்லை. ஆனால் கூம்பின் உணர்திறன் 100 டெசிபலைத் தாண்டுவதால் அடுத்த ஊர் வரைக்கும் கேட்கிறது. இசையை அதில் கேட்க முடியாது என்பது வேறு விடயம்.

வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 83 முதல் 90 டெசிபலுக்குள் இருக்கும். வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். தோற்றத்தை நம்ப வேண்டாம். 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட்ஸை இரட்டிப்பாக்க வேண்டும். 89 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்ஸில் தரும் சத்தத்தை 83 டெசிபல் ஸ்பீக்கரிடம் கேட்டால் 80 வாட்ஸ் கொடுக்க வேண்டும். என் ரிசீவரிடம் அது இல்லை. என்னுடைய முன் ஸ்பீக்கர்கள் 89 டெசிபல், 8 ஓம். மூன்று மீற்றர் தள்ளியிருக்கும் கதிரைக்கு ஒரே ஒரு வாட்டில் ஏறத்தாழ 80 டெசிபல் வந்து சேர்கிறது. எங்கள் வீட்டில் அதுவே சத்தம். திரையரங்கு அளவுகோலின்படி உச்ச ஒலி 105 டெசிபல் வேண்டும் என்பார்கள். இந்த ஸ்பீக்கரில் அதை எட்ட 300 வாட்ஸுக்கு மேல் தேவை. பக்கத்து வீட்டு மதில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊரில் அந்த ஆசையை விட்டுவிடுவதே மரியாதை.

அடுத்தது ஓம். பழைய ஹோம் தியேட்டர் தொகுப்பு ஒன்று பழுதானதும் அதன் ஐந்து சிறிய ஸ்பீக்கர்களையும் எடுத்துக்கொண்டு மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். "பெட்டிதானே போய்விட்டது, இவை நன்றாகத்தானே இருக்கின்றன, புதிய ரிசீவரில் மாட்டலாமே?" என்றார். பின்னால் ஒட்டியிருந்த துண்டில் 3 ஓம் என்று இருந்தது. அந்தத் தொகுப்புகளில் பெட்டியும் ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்யப்பட்டவை. 6 ஓமுக்குக் குறையக்கூடாது என்று எழுதியிருக்கும் ரிசீவரில் அவற்றை மாட்டினால் மின்னோட்டம் கூடும், சூடு ஏறும், சத்தத்தைக் கூட்டிய நேரத்தில் தானாக அணைந்துவிடும். அணைவது பாதுகாப்பு ஏற்பாடு. அதை நம்பித் தினமும் ஓட்டக்கூடாது. 8 ஓம் என்றால் யோசிக்கத் தேவையில்லை. 6 ஓம் பரவாயில்லை, காற்றோட்டம் இருந்தால்.

கைப்பணம் குறைவாக உள்ளவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது, ஐந்தை ஒன்றாக வாங்காதீர்கள் என்பதே. முதலில் நல்ல இரண்டு. ரிசீவரின் அமைப்பில் நடு ஸ்பீக்கர் இல்லை என்று சொல்லிவிட்டால் வசனம் இடமும் வலமும் சமமாகப் பிரிந்து, நடுவில் அமர்ந்திருப்பவருக்குத் திரையிலிருந்தே பேசுவது போலக் கேட்கும். ஓரத்தில் இருப்பவருக்கு அந்த மாயம் கலைந்துவிடும், அதுதான் குறை. நான் அப்படியே நீண்ட காலம் ஓட்டினேன். பிறகு வாங்கிய நடு ஸ்பீக்கர் முன் ஸ்பீக்கர்களின் அதே வரிசையைச் சேர்ந்தது. படத்தின் பேச்சில் பெரும்பகுதி நடுவிலிருந்தே வருவதால் இந்த மூன்றுக்கும் ஒரே குரல் இருக்க வேண்டும். வேறு வகையை நடுவில் வைத்தால் ஒருவர் திரையின் குறுக்கே நடந்துகொண்டே பேசும்போது குரல் மாறி மாறிக் கேட்கும். பின்பக்க இரண்டும் எந்த மலிவு ஸ்பீக்கராகவும் இருக்கலாம், என்னுடையவை அப்படித்தான்.

சப்வூஃபர் ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன். சிறிய ரிசீவருக்கு அது சுமைதாங்கி. அடித்தொனிதான் வாட்ஸை அதிகம் விழுங்குகிறது. ரிசீவரின் அமைப்பில் எல்லா ஸ்பீக்கர்களையும் 'சிறியவை' என்று குறித்து 80 ஹெர்ட்ஸில் பிரித்துவிட்டால், அதற்குக் கீழுள்ளதைத் தனக்கென்று மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சப்வூஃபர் பார்த்துக்கொள்கிறது. ரிசீவரின் மேல்மூடியில் கை வைத்தாலே வித்தியாசம் தெரிகிறது. ரிசீவர் மைக் மூலம் ஸ்பீக்கர்களைத் தானே அளந்துகொள்ளும் தானியங்கி அளவீட்டை மின்விசிறியை நிறுத்திவிட்டு இரவில் செய்வது நல்லது. முடிந்ததும் இந்தப் 'பெரியது, சிறியது' தெரிவை ஒருமுறை கையால் சரிபாருங்கள்.

பழைய ஜப்பான் ஸ்பீக்கர்கள் இங்கே மலிவாகக் கிடைக்கின்றன. மரப்பெட்டி அழகாக இருக்கும். முன்வலையைக் கழற்றாமல் பணம் கொடுக்க வேண்டாம். உள்ளே அதிரும் கூம்பின் ஓரத்தில் உள்ள வளையம் நுரையாலானதாக இருந்தால், நம் கடற்கரை ஈரப்பதத்தில் அது உதிர்ந்து பொடியாகும். விரலால் மெதுவாகத் தொட்டாலே தெரியும். இறப்பர் வளையமென்றால் துணிந்து எடுக்கலாம். என் முன் ஸ்பீக்கர்களும் பாவித்தவைதான், இறப்பர் வளையம் கொண்டவை. ஜப்பானிலிருந்து வரும் ரிசீவர்களில் 100 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். நமது 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அதன் ஆயுள் அத்தோடு முடிந்தது. மாற்றிக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபோமரின் விலையையும் கணக்கில் சேர்த்தால் மலிவு அவ்வளவு மலிவாக இருக்காது.

வயருக்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை, ஆனால் செம்பு செம்பாகவே இருக்க வேண்டும். கடையில் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. 16 கேஜ் தடிப்புள்ள அசல் செம்பு இந்த அறைக்குத் தாராளம். உப்புக்காற்றில் வெறும் செம்பு முனை பச்சையாகிவிடுவதால் முனையில் மாட்டிச் செருகும் பனானா பிளக் போட்டேன். அது ஒலிக்காக அல்ல.

அறை மட்டும் இன்னும் அடங்கவில்லை. சீமெந்துத் தரை, பூசிய சுவர், பெரிய யன்னல். கைதட்டினால் சத்தம் ஓடித் திரியும். பன்பாய் விரித்தது கண்ணுக்கு அழகு, காதுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மருதமுனைக் கைத்தறித் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்துத் திரை போட்டதும் கூர்மையான சத்தம் சற்றுத் தணிந்தது. மெத்தைக் கதிரை அதைவிட உதவியது. ரிசீவரை அலுமாரிக்குள் பூட்டி வைக்காமல் திறந்த தட்டில் வைத்திருக்கிறேன். சூடு வெளியேற வேண்டும் என்பதோடு, அந்தச் சூட்டைத் தேடி எறும்பும் பல்லியும் வருவதைக் கண்ணால் பார்க்கவும் வேண்டும்.

2022 மார்ச்சில் 13 மணி நேர மின்வெட்டு வந்த நாட்களில் எனக்குப் பயம் மின்சாரம் போவதில் இல்லை, திரும்பி வரும் கணத்தில்தான். அன்று தொடங்கிய பழக்கம், படம் முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுவது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி முழங்கும்போது அன்டெனா வயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். இடியின் மின்னழுத்தம் அந்த வழியாக நுழைந்து எச்டிஎம்ஐ துளைகளை எரித்துவிடும். அவற்றைத் திருத்துவது, இந்த விலைச் சாதனத்தில், புதிது வாங்குவதற்குக் கிட்டத்தட்டச் சமம்.