ரெக்டிஃபையர் சூடாகுதுன்னு ஆளைக் கூப்பிடும் தியேட்டர்காரர்கள் கவனத்துக்கு

குமரி மாவட்டத்தில் ஜெனான் லேம்ப் புரொஜெக்டர் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிற சின்னத் தியேட்டர்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். ரெக்டிஃபையர் (லேம்ப்புக்காக ஏசி கரண்டை டிசியாக மாற்றிக் கொடுக்கிற பெட்டி) சர்வீஸ் என்று ஒரு ஆள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார். பெயர் போடவில்லை. செய்த வேலையைச் சொன்னாலே தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நான் ஆபரேட்டராக இருக்கிற தியேட்டர் குளச்சல் பக்கம், கடலில் இருந்து ரொம்ப தூரம் இல்லை. 2000 வாட் லேம்ப். சுமார் 25 வோல்ட், 80 ஆம்பியர் வரை டிசி கரண்ட் எடுக்கும், அதைக் கொடுக்கிறது பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை ரெக்டிஃபையர், த்ரீ ஃபேஸ். ஒரு நாள் படம் ஓடி அரை மணி நேரத்தில் லேம்ப் பட்டென்று அணைந்தது. பெட்டி மேல் கை வைக்க முடியவில்லை. ஆறவிட்டுப் போட்டால் எரியும், மறுபடி அணையும். அணைவதற்கு முன்னால் வெள்ளைக் காட்சிகளில் திரை லேசாகத் துடிக்கும், டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். இந்த இரண்டையும் அந்த ஆளிடம் தெளிவாகவே சொன்னேன், காதில் வாங்கவில்லை.

வந்தவர் மூடியைக் கழற்றினார், ஊதினார், மோந்து பார்த்தார். மீட்டர் பையை விட்டு வெளியே வரவே இல்லை. நேராக முதலாளியிடம் போய், “அண்ணாச்சி, கண்ட்ரோல் கார்டு போயிட்டு. உங்க ஆபரேட்டர் லேம்பை அணைச்ச கையோட ஃபேனையும் நிறுத்தியிருக்காரு, அதான்” என்றார். ஷோ முடிந்து கால் மணி நேரமாவது ஃபேனை ஓடவிடாமல் நான் கேபினைப் பூட்டியதே கிடையாது. ஆனால் வெளியூரில் இருந்து பையோடு வந்தவன் சொல்வதுதானே எடுபடும். கார்டைக் கழற்றிக்கொண்டு போய், மறுநாள் “புதுக் கார்டு” மாட்டி, 38,000 ரூபாய் வாங்கினார். பில் கேட்டதற்கு ஜிஎஸ்டி போட்டால் கூட ஆகும் என்றார், ஜிபே வேண்டாம், ரொக்கமாகவே கொடுங்கள் என்றும் சொன்னார்.

அப்புறம் லேம்ப் அணையவே இல்லை. முதலாளிக்குச் சந்தோஷம். திரை துடிப்பது மட்டும் அப்படியே இருந்தது. ஒரு மாட்னி இன்டர்வெல்லில் வார்னிஷ் கருகும் வாடை கேபின் முழுக்க அடித்தது, ஷோவை நிறுத்திவிட்டேன்.

இந்த முறை கருங்கல் பக்கத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிற ஒரு பெரியவரைக் கூட்டி வந்தேன். சினிமா மெஷின் அவருக்குப் பழக்கமில்லை, ஐஸ் பிளான்ட் மோட்டார்தான் பழக்கம். மெயினை அணைத்து, கப்பாசிட்டர் இறங்கட்டும் என்று டீ குடித்துவிட்டு வந்துதான் மூடியைத் திறந்தார். டயோடுகளின் சூட்டை வாங்கிக்கொள்கிற தகடான ஹீட் சிங்க்கில் திருகியிருக்கிற தெர்மல் கட்-அவுட்டின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு சிவப்பு ஒயர் முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தது. சூடு மீறினால் லேம்ப்பை அணைக்கத்தான் அந்தச் சாமானே இருக்கிறது. அதை ஷார்ட் பண்ணிவிட்டால் எப்படி அணையும்? உள்ளே வெந்துகொண்டே ஓடியிருக்கிறது.

“புதுக் கார்டு” கதை இன்னும் மோசம். முன்பொரு மழைக்காலத்தில் ஒரு பல்லி அந்தக் கார்டின் மூலையில் கருகிச் செத்தது, அதைச் சுரண்டி எடுத்தது நான்தான். விரல் விரித்த கால் தடம் பழுப்பாகப் பதிந்து போயிருந்தது. இப்போது மாட்டியிருந்த கார்டில், பளபளவென்று அடித்த லேக்கருக்குக் கீழே, அதே மூலையில் அதே பல்லிக் கால்! புது ஸ்டிக்கர் ஒன்றும் ஒட்டியிருந்தார். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரி, உண்மையான கோளாறு எங்கே? பெட்டிக்குள்ளேயே இல்லை. பெரியவர் லேம்ப்பை எரியவிட்டு, உள்ளே வரும் மூன்று ஒயரிலும் கிளாம்ப் மீட்டர் மாட்டினார். முதலில் மூன்றும் சமம். சூடேறச் சூடேற நீல ஃபேஸில் கரண்ட் இறங்கி ஒன்றுமே இல்லாமல் போனது, சிவப்பும் மஞ்சளும் எகிறின. “மூணு பேரு தூக்குன சப்பரத்த ரெண்டு பேரு தூக்கினா தோள் வேகாதா மக்கா” என்றார். கீழே மெயின் போர்டில் நீல ஃபேஸ் ஃபியூஸ் கேரியரை உருவினால் பித்தளை பச்சைக் களிம்பு பிடித்து ஒரு பக்கம் கருகியிருந்தது. உப்புக்காற்று. குளிர்ந்திருக்கும்போது தொடும், சூடானால் விடும். ஒரு ஃபேஸ் போனால் மிச்ச டயோடுகளில் லோடு கூடும், டிசியில் ரிப்பிள், அதாவது ஏற்ற இறக்கம், ஏறும், அதுதான் திரைத் துடிப்பும் உறுமலும். ரிப்பிள் ஏறினால் லேம்ப் ஆயுளும் குறையும், அந்த நஷ்டம் தனி.

ஃபியூஸ் கேரியர் மாற்றி, பம்ப்செட்டுக்குப் போடுகிற மாதிரி ஒரு ஃபேஸ் போனால் சப்ளையையே நிறுத்திவிடுகிற ஒரு சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும் மாட்டினார். கட்-அவுட்டில் இருந்த சிவப்பு ஒயரை எடுத்துவிட்டார். கூலியும் சாமானும் சேர்த்து அந்த 38,000-இல் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

அந்த ஆளுக்குப் போன் போட்டால், “கட்-அவுட் சும்மா டிரிப் ஆகும், எல்லா இடத்துலயும் அப்படித்தான் செய்வோம்” என்றார். எல்லா இடத்திலும் என்றால் யோசித்துப் பாருங்கள்! கார்டைப் பற்றிக் கேட்டதும் கட் பண்ணிவிட்டார், இப்போது எடுப்பதே இல்லை. நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றால், வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்று தள்ளிவிட வாய்ப்பு உண்டு, சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துபவருக்குத்தான் அதில் விலக்கு. அதோடு கையில் பில்லும் இல்லை. முதலாளி வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இவர் கை வைத்த ரெக்டிஃபையர் உங்களிடம் இருந்தால், அடுத்த ஷோவுக்கு முன்னால் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து ஹீட் சிங்க் கட்-அவுட்டைப் பாருங்கள். லேம்ப் ஹவுஸை மட்டும் திறக்க வேண்டாம். ஜெனான் லேம்ப் ஆறிக் கிடக்கும்போதும் உள்ளே அழுத்தத்தோடுதான் இருக்கும், முகத்தை முழுக்க மூடுகிற கவசம் இல்லாமல் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. அவர் கழற்றிக்கொண்டு போன கார்டை அதற்கு முன்பே எடுத்த போட்டோ ஏதாவது உங்களிடம் கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்க உதவும்.