பேட்டரி கேமராவா, பிளக் கேமராவா?

கண்காணிப்பு கேமராவில் இந்த இரண்டு வகையையும் வயர்லெஸ் என்றுதான் விற்கிறார்கள். ஒன்றுக்கு மட்டும்தான் நிஜமாகவே வயர் கிடையாது.

பேட்டரி கேமரா சார்ஜை மிச்சம் பிடிக்கத் தூங்கிக்கொண்டே இருக்கும். ஆள் நகர்வதை சென்சார் உணர்ந்த பிறகுதான் விழித்துப் பதிவு செய்யும். அதற்குள் வேகமாக வந்தவர் முதுகைக் காட்டியிருப்பார். நடமாட்டம் குறைந்த பின்வாசலுக்கு இது போதும். தெருவைப் பார்த்து மாட்டினால் அடிக்கடி ஏணி போட்டு இறக்கிச் சார்ஜ் ஏற்ற வேண்டியதுதான்.

பிளக் கேமரா, அதாவது அடாப்டரில் ஓடும் கேமரா, மெமரி கார்டில் 24 மணி நேரமும் பதிவு செய்யக்கூடியது. கடைக்கும் சிறிய அலுவலகத்துக்கும் நான் இதைத்தான் சொல்வேன். சரி, கரண்ட் போனால்? ரவுட்டரையும் கேமராவையும் ஒரு யுபிஎஸ்ஸில் இணைத்துவிடலாம். அப்புறம், திருடன் கேமராவையே கழற்றினால் உள்ளே இருக்கும் கார்டும் போய்விடும். கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.