லெமன் எல்லோ அடிப்பதென்றால் சுண்ணாம்பா, டிஸ்டெம்பரா, எமல்ஷனா?

வேலூரில் எந்த பெயின்ட் கடைக்குப் போய் மஞ்சள் வேண்டும் என்று கேட்டாலும் ஷேடு கார்டில் முதலில் காட்டுவது சந்தனக் கலர்தான். அதில் தப்பில்லை. சந்தனம் அழுக்கைத் தாங்கும், வாடகைக்கு விடலாம், பார்க்க வருகிற சொந்தக்காரர் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். லெமன் எல்லோ அப்படி அடங்கிப் போகிற நிறம் இல்லை. கொஞ்சம் பச்சை ஏறிய மஞ்சள் அது. காலை வெயிலில் அறையைப் பளிச்சென்று தூக்கிக் கொடுப்பது அந்தப் பச்சைதான். ராத்திரி டியூப் லைட்டில் சுவரைக் காமாலைக்காரர் முகமாக்குவதும் அதேதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள், வெளிர் லெமன், நல்ல வெள்ளை பிரைமருக்கு (அடிப்பூச்சு) மேல், நடுத்தர விலை எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கிற பிளாஸ்டிக் பெயின்ட். வெளிச்சுவருக்கு லெமனே வேண்டாம். பழைய சுண்ணாம்பு வீடாக இருந்தால் கணக்கு வேறு. காசு எதில் போகவேண்டும் என்று கேட்டால், மேலே அடிக்கிற கம்பெனிப் பெயரை விட அடியில் போகிற வெள்ளைக்குத்தான் என்பேன்.

சுண்ணாம்பில் மஞ்சள் பொடி

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வழக்கம் அணைக்கட்டு, கணியம்பாடி பக்கத்து ஊர்களில் இன்னும் முழுக்க விட்டுப்போகவில்லை. சுண்ணாம்பை முந்தின நாளே ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பிடிமானத்துக்குப் பசை கலந்து, அதில் கலர் பொடியைக் கரைத்து அடிப்பார்கள். செலவில் இதை மிஞ்ச வேறெதுவும் இல்லை.

ஆனால் லெமன் வேண்டுமென்றால் இங்கேதான் சிக்கல். சுண்ணாம்பு கடுமையான காரம். அதைத் தாங்கி நிற்கிற மஞ்சள் என்றால் இரும்பு ஆக்சைடு வகை, அதாவது மஞ்சள் காவி. அது செம்மண் சாயல் கொண்டது. எவ்வளவு குறைத்துக் கலந்தாலும் சந்தனமாக வருமே தவிர எலுமிச்சையாக வராது. பச்சைச் சாயல் தருகிற பொடிகள் பெரும்பாலும் கரிமச் சாயங்கள். அவற்றில் பல, காரத்திலும் வெயிலிலும் சீக்கிரம் களைத்துப்போகும். பொங்கலன்று எலுமிச்சையாக இருந்த திண்ணைச் சுவர் ஆடிக்குள் வெளிறிப்போவது அதனால்தான்.

இன்னொன்று, சுண்ணாம்பு ஈரத்தில் அழுத்தமாகத் தெரிந்து காய்ந்ததும் வெளுக்கும். எமல்ஷன் இதற்கு நேர் எதிர். ஈரத்தில் பால் கலந்த மாதிரி இருந்து, காய்ந்தபின் ஒரு பிடி அழுத்தமாகும். சுண்ணாம்பு அடித்தே பழகியவர் எமல்ஷன் அடிக்கும்போது, "கலர் பத்தலையே சார், இன்னும் கொஞ்சம் ஸ்டெயினர் ஊத்தட்டுமா?" என்று கேட்பார். ஊற்றவிடாதீர்கள். காய்ந்தால் தெரியும்.

சரி, சுண்ணாம்பை ஒதுக்கிவிடலாமா? கூடாது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய பழைய வீடு, மேலே மரச்சட்டத்தில் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, கீழே ஓதம் என்றால் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புதான் மரியாதை. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் அதன் வழியாக வெளியே போய்விடும். அதன்மேல் எமல்ஷன் அடித்தால் ஈரம் அடைபட்டு, இரண்டடி உயரத்துக்குக் கொப்புளம் கொப்புளமாகப் பொரியும். இப்படிப்பட்ட வீட்டில் சுவர் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பை விட்டுவிட்டு, லெமனைக் கதவு, ஜன்னல், அலமாரிப் பலகைக்கு மட்டும் எனாமலில் (எண்ணெய் பெயின்ட்) கொடுக்கலாம். வெள்ளைக்குப் பக்கத்தில் லெமன் நிற்கிற மாதிரி வேறெங்கும் நிற்காது.

டிஸ்டெம்பர்

கையில் காசு குறைவு, சுவர் சுமாராக இருக்கிறது, இரண்டு மூன்று வருடத்துக்குப் போதும் என்கிறவர்களின் தேர்வு இது. சாக்குப்பொடி அதிகம், பசை குறைவு. அதனால் பளபளப்பு துளியும் இருக்காது. பூச்சு மேடுபள்ளமாக இருந்தாலும் கண்ணில் படாது. லெமன் டிஸ்டெம்பரில் அடித்த அறை பகலில் மெத்தென்று அழகாகவே இருக்கும். விலை உயர்ந்த, பளபளப்புள்ள ஷீன் எமல்ஷனில் கிடைக்காத மென்மை அது.

குறை எங்கே என்றால், முதுகு சாய்கிற இடத்தில். கட்டில் தலைமாட்டில், படிக்கட்டுத் திருப்பத்தில், சுவிட்ச் போர்டைச் சுற்றி எண்ணெய்க் கறை ஏறும். ஈரத்துணியால் துடைத்தால் கறையோடு கலரும் துணிக்கு வரும். சந்தனத்தில் அந்தத் துடைத்த தடம் கண்ணுக்கு அவ்வளவு தெரியாது. லெமனில் திட்டாகத் தெரியும். அடுத்த முறை எமல்ஷனுக்கு மாறவேண்டுமென்றால் இதையெல்லாம் சுரண்டிவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும். அந்தக் கூலியைச் சேர்த்துப் பார்த்தால் டிஸ்டெம்பர் அவ்வளவு மலிவில்லை.

எமல்ஷன்: விஷயமே இங்கேதான்

கடையில் மெஷினில் கலர் கலந்து தருகிறார்களே, அந்த டின்னுக்குள் முதலில் இருப்பது 'பேஸ்'. வெளிர் நிறங்களுக்கு வெள்ளை பேஸ். அதில் டைட்டானியம் டை ஆக்சைடு நிறைய இருக்கும். சுவரை மூடுகிற வேலையைச் செய்வது அதுதான். அடர் நிறங்களுக்குப் போகிற பேஸில் வெள்ளை குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. அப்போது மூடவேண்டிய பொறுப்பு சாயத்தின் தலையில் விழுகிறது. மஞ்சள் கரிமச் சாயங்கள் இயல்பிலேயே கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிபவை. அடர் லெமன் எடுத்தவர்கள் மூன்றாவது கோட்டு அடித்தும், சுவரைச் சமன்படுத்தப் பூசிய பட்டியின் திட்டு தெரிகிறது என்று புலம்புவதன் காரணம் இது. மேஸ்திரியைத் திட்டிப் பயனில்லை.

ஆகவே, ஷேடு கார்டில் மனதுக்குப் பிடித்த கட்டத்திலிருந்து ஒன்றிரண்டு கட்டம் மேலே, வெளிர் பக்கம் போங்கள். இரண்டு லாபம். வெள்ளை பேஸில் வருவதால் இரண்டு கோட்டிலேயே மூடும். அதோடு, நான்கு சுவரும் ஒன்றின் நிறத்தை ஒன்று வாங்கித் திருப்பி அடிக்கும். கார்டில் மங்கலாகத் தெரிந்த மஞ்சள், பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் போதும் போதும் என்கிற அளவுக்கு ஏறிவிடும்.

கணக்கும் பார்த்துவிடலாம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் சுவர் 440 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 60 கழித்தால் 380. நல்ல பட்டி, பிரைமர் மேல் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்குச் சுமார் 120 சதுர அடி வரும் என்று வைத்தால், மூன்றேகால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாலு லிட்டர் டின் ஒன்றில் முடிந்தது, டச்சப்புக்கும் மிச்சம். அதே அறைக்கு அடர் லெமன் எடுத்து மூன்று கோட்டு போனால் ஐந்து லிட்டரைத் தொடும். இன்னொரு டின் வாங்கவேண்டும், கூலியும் ஏறும். கலந்த பெயின்டைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார் என்பதும் நினைவிருக்கட்டும். இரண்டு டின் வாங்கினால் இரண்டையும் ஒரே பக்கெட்டில் கொட்டிக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். லெமனில் துளி வித்தியாசமும் மூலையில் தெரிந்துவிடும்.

மலிவு எமல்ஷனா, துவைக்கிற (வாஷபிள்) ரகமா? ஹாலுக்கும் பிள்ளைகள் அறைக்கும் துவைக்கிற ரகம் எடுக்கலாம். பென்சில் கிறுக்கலைத் துடைக்க முடியும். மற்ற அறைகளுக்கு நடுத்தரமே போதும். பளபளப்பு அதிகமான ஃபினிஷை லெமனில் நான் தவிர்ப்பேன். டியூப் லைட் வெளிச்சம் பட்டு வழுக்கும்போது பட்டி போட்ட தடமெல்லாம் வெளியே வரும்.

அடியில் போகும் வெள்ளை என்று சொன்னேனே, அதில் சுருக்கக்கூடாது. பழைய நீலத்துக்கோ பச்சைக்கோ மேல் நேரே லெமன் அடித்தால் எலுமிச்சை போய்ப் பாசி வரும். இங்கே போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் நனைத்த பூச்சிலிருந்து வெள்ளையாக உப்பு பூத்து வருவதைப் பார்க்காத வீடு குறைவு. அதைச் சுரண்டி, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடைத்தபிறகுதான் பிரைமர். புது சிமெண்டுப் பூச்சுக்கு நான்கு வாரமாவது விடவேண்டும். ஈரம் போகாத புதுப் பூச்சின் காரமும் சாயத்தைத் தின்னும், சுண்ணாம்பைப் போலவே.

எந்த மாதம்? கத்திரி வெயிலில் சுட்டுக்கிடக்கிற சுவரில் ரோலர் வைத்தால் ஒரு பட்டை காய்ந்தபின்தான் அடுத்த பட்டை சேரும். சேர்ந்த இடம் கோடாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயாது. தை பிறந்து பங்குனி முடிவதற்குள் முடித்துக்கொள்வது உத்தமம். மே மாதம்தான் லீவு என்றால் காலை பத்து மணிக்குள் மேற்குப் பக்கச் சுவரை முடிக்கச் சொல்லுங்கள்.

விளக்கும் ஜன்னலும்

வெளிநாட்டு அலங்காரக் கட்டுரைகளில் வடக்கு ஜன்னல் அறைக்கு லெமன் ஆகாது, பச்சை அடிக்கும் என்று எழுதியிருப்பார்கள். அது அவர்கள் ஊர் வெயிலுக்குச் சரி. வேலூர் இருப்பது ஏறக்குறைய 12.9 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நம் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. வடக்கு ஜன்னலிலும் அந்த மாதங்களில் வெயில் எட்டிப் பார்க்கும். இங்கே வடக்கு அறைக்கு லெமன் பொருந்தும். மார்கழியில் மட்டும் கொஞ்சம் சோகையாகத் தெரியும்.

கிழக்கு அறைக்கு லெமன் அட்டகாசம். மேற்கு அறைக்கு வேண்டாம் என்பேன். சாயங்கால வெயில் ஏற்கெனவே மஞ்சள். சுவரும் மஞ்சளாக இருந்தால் மூன்று மணியிலிருந்து அறை இன்னும் சூடாகத் தோன்றும். சுற்றியுள்ள மலைப்பாறைகள் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி வரை கக்குகிற ஊரில் கண்ணுக்காவது குளிர்ச்சி வேண்டாமா? அங்கே வெள்ளையோ வெளிர் சாம்பலோ போடுங்கள்.

நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் தருகிற 6500 கே (கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவு) எல்இடி, லெமனைப் பச்சைப் பக்கம் இழுக்கும். 3000 கே பல்பு அதைச் சந்தனமாக்கிவிடும். இவ்வளவு பாடுபட்டு லெமன் வாங்கியது வீண். நடுவிலுள்ள 4000 கே வாங்குங்கள். அட்டையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பெயின்ட் தேர்வதற்கு முன் இரண்டடி அட்டை ஒன்றில் மாதிரி அடித்துக் காலையிலும் ராத்திரி விளக்கிலும் பார்த்துவிடலாம். நேரே சுவரில் அடித்துப் பார்த்தால் பழைய கலர் குழப்பும்.

சமையலறை பற்றி ஒரு நம்பிக்கை உண்டு: மஞ்சள் சுவரில் மஞ்சள்தூள் கறை தெரியாது என்று. நன்றாகவே தெரியும். மஞ்சள்தூள் ஆரஞ்சுச் சாயல், லெமன் பச்சைச் சாயல். ஒன்றின் மேல் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ், அதற்கு மேல் துவைக்கிற எமல்ஷனில் லெமன் என்றால் சரி. பூஜை அறைக்கு லெமன் வேண்டவே வேண்டாம். விளக்குக் கரி ஒரே மாதத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

வெளிச்சுவரும் கேட்டும்

வெளியே லெமன் அடித்த வீடுகளைச் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரை வரிசையாகப் பாருங்கள். மரநிழலில் இருக்கிற பக்கம் கலர் நிற்கும், வெயில் படுகிற பக்கம் வெளிறியிருக்கும். ஒரே வீடு இரண்டு வீடாகத் தெரியும். புற ஊதாக் கதிரைத் தாங்குகிற பச்சைச்சாயல் மஞ்சள்கள், பிஸ்மத் வனடேட் மாதிரி, இருக்கின்றன, விலை அதிகம். இரும்பு ஆக்சைடு சேர்ந்த சந்தனமும் காவியும் வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். வெளியே சந்தனத்திடம் லெமன் தோற்றுப்போகிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

கேட்டும் கிரில்லும் எனாமலில் லெமன் அடிக்கலாம், அழகாகவே இருக்கும். ஆனால் பழைய மஞ்சள் எனாமலைத் தேய்க்கும்போது கவனம். அந்தக் காலத்து எலுமிச்சை மஞ்சள் பெரும்பாலும் லெமன் குரோம், அதாவது ஈயமும் குரோமியமும் சேர்ந்த நிறமி. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற ஒன்றிய அரசின் விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. குரோமியம் எவ்வளவு நஞ்சு என்று வடார்க்காட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து மழைக்காலத்தில் கசிகிற மஞ்சள் தண்ணீரைப் பற்றி எத்தனையோ முறை செய்தி வந்தாயிற்று. அந்த ஈய விதிக்கு முந்தைய மஞ்சள் கிரில் என்றால் உலர்ந்த உப்புத்தாள் போடவிடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளைக் கொடுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், தேய்த்த சேற்றைத் துணியில் வழித்துப் பையில் கட்டிப் போடச் சொல்லுங்கள். வாசல் தண்ணீரில் கழுவி விட்டால் அது துளசிச் செடிக்குத்தான் போகும்.