டர்போவா, ஹோஸா, பம்பா? கரும்புகை தள்ளும் லாரிக்கு எந்தச் சோதனை முதலில்

சேலத்திலிருந்து தருமபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் நாலாவது கியரில் ஏறிய வண்டி, அதே லோடோடு இப்போது மூணாவதுக்கு வந்தும் மூச்சு வாங்குகிறது. பின்னால் வரும் வண்டிக்கு ரோடு தெரியாத அளவுக்குக் கரும்புகை. இந்த நிலைமையில் பட்டறையில் முதலில் கேட்கும் வார்த்தை ‘டர்போ போயிடுச்சு’. அடுத்தது ‘பம்பைக் கழற்றிக் கொடுத்துடலாம்’. டர்போ, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது; பம்பு, டீசலை அளந்து கொடுப்பது. இரண்டுமே செலவு பிடிக்கும் வேலை. டர்போவைக் கழற்றும் முன் அரை மணி நேரம் செலவழித்தால், பல வண்டிகளில் குற்றவாளி டர்போவின் காற்று போகும் ஒரு ஹோஸும் இரண்டு கிளாம்பும்தான் என்று தெரிந்துவிடும்.

கோளாறைக் கண்டுபிடிக்க இன்று மூன்று வழி இருக்கிறது. காற்று அடைத்துக் கசிவு பார்ப்பது, பூஸ்ட் கேஜ் (டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்டைக் காட்டும் மீட்டர்) மாட்டி லோடோடு ஓட்டுவது, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போடுவது. எதை எப்போது எடுப்பது என்பதைப் புகையின் நிறமும் வண்டியின் வகையும் சொல்லும்.

கரும்புகை என்றால் டீசலுக்குத் தேவையான காற்று கிடைக்கவில்லை. நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை என்றால் டீசல் எரியாமல் ஆவியாக வருகிறது, இல்லையென்றால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கரும்புகைக்கு மட்டும்தான் கீழே சொல்லும் ஒப்பீடு முழுதாகப் பொருந்தும். நீலப்புகைக்கு வேறு வழி. அதைப் பிறகு பார்க்கலாம்.

காற்று அடைத்துப் பார்ப்பது

செலவு குறைவு, பலன் அதிகம். டர்போவின் கம்ப்ரசர் வாயில் ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்த வாய் அளவுக்கு லேத்தில் கடைந்த ஒரு மூடியை கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். மூடியின் நடுவில் டயர் வால்வ் ஒன்று. ரெகுலேட்டர் வழியாக 1 பார் காற்று கொடுக்க வேண்டும், 1.4 பாருக்கு மேல் போகக் கூடாது. ரெகுலேட்டர் இல்லாமல் கம்ப்ரசர் டேங்கிலிருந்து நேரடியாகக் கொடுத்தால் மூடி துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். மூடிக்கு நேரே யாரும் நிற்கவே கூடாது.

பிறகு சோப்புத் தண்ணீரை ஹோஸ் மூட்டுகள், இன்டர்கூலரின் (அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் ரேடியேட்டர்) இரு பக்கத் தொட்டி ஓரம், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டின் கேஸ்கெட், பம்புக்குப் போகும் சின்னப் பைப் எல்லாவற்றிலும் தெளிக்க வேண்டும். ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பெரும்பாலான கிழிசல் சேஸிஸில் உரசும் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். மேலே இருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரி தெரியும். காற்று ஏறும்போது மட்டும் வாய் பிளக்கும் கீறல்களும் உண்டு. அதனால் வெறும் கண்ணால் பார்த்து ‘ஹோஸ் நல்லாயிருக்கு’ என்று சொல்லும் தீர்ப்பை நம்ப வேண்டாம்.

இந்தச் சோதனையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இன்ஜின் நின்ற நிலையில் ஏதாவது ஒரு சிலிண்டரின் இன்லெட் வால்வ் திறந்தே இருக்கும். அதனால் பிஸ்டன் ரிங் வழியாக மெதுவாகக் காற்று இறங்கி பிரீதரிலும் (இன்ஜின் அடியில் சேரும் காற்று வெளியேறும் குழாய்) டிப்ஸ்டிக் குழாயிலும் வரும். இது கசிவு அல்ல. ஆனால் பிரீதரில் பலமாக வீசினால் ரிங் அல்லது பிஸ்டன் பக்கம் சந்தேகம் போகட்டும். சைலன்சர் பக்கம் காற்று கேட்டால் கிராங்கைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள். இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வ் இரண்டும் ஒன்றாகத் திறந்த ஓவர்லேப்பில் நின்றிருக்கும்.

இன்டர்கூலரைத் தனியாகச் சோதிக்க அதன் இரண்டு வாயையும் அடைக்க வேண்டும். கம்மின்ஸ் இன்ஜின்களில் பின்பற்றும் அளவு: 30 பிஎஸ்ஐ (சுமார் 2 பார்; மேலே சொன்ன 1.4 பார் வரம்பு இந்தத் தனிச் சோதனைக்கு அல்ல) கொடுத்துவிட்டு வால்வை மூடினால் 15 வினாடியில் 7 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. ஓரளவு இறங்குவது அனுமதிக்கப்பட்டதுதான், எனவே ஒரு சின்னக் குமிழி தெரிந்தவுடன் இன்டர்கூலரை மாற்றத் தேவையில்லை.

பூஸ்ட் கேஜ் மாட்டி ஓட்டுவது

காற்று அடைத்தபோது கசிவு கிடைக்கவில்லை என்றால் அடுத்து இது. 0 முதல் 4 பார் வரை காட்டும் ஒரு கேஜ், ஒரு டீ ஜாயின்ட், கேபின் வரை வரும் 6 மில்லிமீட்டர் பியூ (பாலியூரித்தேன்) டியூப். டீயை மேனிஃபோல்டில் போடலாம், அல்லது மேனிஃபோல்டிலிருந்து பம்புக்குப் போகும் பைப்பில் போடலாம்.

யார்டில் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்ப்பது வீண். லோடு இல்லாத இன்ஜின் நல்ல டர்போவோடும் கொஞ்சமாகத்தான் பூஸ்ட் காட்டும். லோடு ஏற்றி, மேட்டில், கியர் இறக்காமல் முழு ஆக்ஸிலரேட்டரில் பத்து வினாடியாவது இழுக்க வேண்டும். இன்ஜின், மாடலைப் பொறுத்து 1 முதல் 2 பார் வரை வரும். சரியான எண்ணை அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

கேஜின் உண்மையான மதிப்பு எண்ணில் மட்டும் இல்லை, எண்ணையும் புகையையும் சேர்த்துப் படிப்பதில் இருக்கிறது. டர்போவைச் சுற்றுவது எக்ஸாஸ்ட். எக்ஸாஸ்டுக்குச் சக்தி கொடுப்பது டீசல். பூஸ்ட் குறைவு, புகையும் இல்லை என்றால் உடனே டர்போவைத் தொட வேண்டாம். முதலில் டீசல் ஃபில்டர், ஃபீட் பம்பு, டேங்க் பைப் பக்கம் போங்கள். பூஸ்ட் குறைவு, கரும்புகை அதிகம் என்றால் கோளாறு காற்றில். பூஸ்ட் சரியாக வருகிறது, ஆனாலும் கரும்புகை என்றால் டீசலைத் தெளிக்கும் நாசில், தெளிக்கும் நேரமான டைமிங், அல்லது டீசல் அதிகம் போகும்படி யாரோ ஏற்றி வைத்த பம்பு.

கடைசி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய டாடா 2518, 3118 போன்ற வண்டிகளில் இருக்கும் கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜினின் இன்லைன் பம்பில் (கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் டீசல் பம்பு), பூஸ்ட் ஏறினால்தான் டீசலைக் கூட்டிக்கொடுக்கும் ஒரு டயாஃப்ரம் இருக்கும். அது ஒழுங்காக வேலை செய்தால், ஹோஸ் கிழிந்தாலும் டீசல் தானாகக் குறையும். இழுவை போகும், புகை அவ்வளவாக வராது. ஹோஸும் கிழிந்து புகையும் மண்டையைப் பிளக்கிறது என்றால், அந்த டயாஃப்ரம் அமைப்பு சிக்கிக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் ‘இழுவை வேணும்’ என்று யாரோ ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். ஹோஸை மட்டும் மாற்றினால் புகை குறையும், முழுதாகப் போகாது. பம்பை மட்டும் சரிசெய்தால் புகை போகும், வண்டி இழுக்காது. இரண்டும் சேர்ந்த வேலை இது.

ஹோஸில் கசிவு இல்லை, பூஸ்ட் குறைவு, புகை உண்டு என்றால் மிச்சம் சில இடங்கள்தான். ஏர் ஃபில்டர் அடைப்பு ஒன்று; 25 அங்குல நீர் அழுத்தத்துக்குமேல் தடை காட்டினால் ஃபில்டரை மாற்ற வேண்டும், காற்றால் ஊதி மறுபடி போடக் கூடாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவு இன்னொன்று. காலையில் குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் என்று கேட்கும், மூட்டில் கரி படிந்திருக்கும். பூஸ்ட் அளவு மீறாமல் எக்ஸாஸ்டைத் திருப்பிவிடும் வால்வான வேஸ்ட்கேட் மூடாமல் நிற்பது மூன்றாவது. நாலாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: எக்ஸாஸ்ட் பிரேக்கின் பட்டர்ஃபிளை (எக்ஸாஸ்ட் பைப்பை மூடி வண்டியை மெதுவாக்கும் தகடு) முழுதாகத் திறக்காமல் பாதியில் நிற்பது. கையால் லீவரை நகர்த்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும். இதனால் டர்போவை மாற்றிய பிறகும் அதே புகையோடு திரும்பி வரும் வண்டிகள் உண்டு.

ஸ்கேனர்

ஏப்ரல் 2017-இல் நாடு முழுக்க வந்த பிஎஸ்4, ஏப்ரல் 2020-இல் வந்த பிஎஸ்6 புகை விதிகளின் காலத்து காமன்ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும்) வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் முடியாது. ஆனால் ‘பூஸ்ட் குறைவு’ என்று ஒரு எரர் கோடு (code) வந்ததும் டர்போவை ஆர்டர் செய்வது தவறு. ஸ்கேனர் விளைவைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. கிழிந்த ஹோஸும் அதே கோடைத்தான் கொடுக்கும்.

முதலில் சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மேனிஃபோல்டு பிரஷர் சென்சாரின் எண்ணைப் பாருங்கள். சமவெளியில் 95 முதல் 101 கிலோபாஸ்கல் வர வேண்டும். அப்போதே 130 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. காற்று இருப்பதாக நினைத்து ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) டீசலைக் கூட்டும், புகை வரும். இன்னொன்று, ஸ்கேனர் காட்டுவது வளிமண்டலத்தையும் சேர்த்த எண். ஸ்கேனரில் 200 என்றால் கேஜில் 1 பார்தான். இந்தக் குழப்பத்தால் நல்ல டர்போவைக் குறை சொல்வதும், கெட்ட டர்போவை நல்லது என்பதும் நடக்கிறது.

பிஎஸ்6 வண்டியில் சைலன்சரில் கரும்புகையே தெரியக் கூடாது, சைலன்சர் பாதையில் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப் பிடித்துவிடும். தெரிந்தால் டிபிஎஃப் உடைந்திருக்கிறது அல்லது கழற்றப்பட்டிருக்கிறது. இந்த வண்டிகளில் புகைக்காகக் காத்திருக்காமல், டிபிஎஃப் அடிக்கடி ரீஜென் (சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது) கேட்பதையே முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக, இன்லைன் பம்பு வண்டிக்கு முதலில் காற்று, பிறகு கேஜ். காமன்ரெயிலுக்கு முதலில் ஸ்கேனரில் சென்சார், உடனே காற்று. எந்த வண்டியானாலும் காற்றுச் சோதனையைத் தாண்டக் கூடாது.

டர்போதான் என்று உறுதியானால்

கம்ப்ரசர் வீலை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு, ஆயில் படலத்தில் மிதக்கும் பேரிங் அது. ஹவுசிங்கில் உரசக் கூடாது, அவ்வளவுதான். முன்னும் பின்னும் ஆட்டம் கையில் தெளிவாகத் தெரிந்தால் டர்போ முடிந்தது. அங்கே இடைவெளி 0.1 மில்லிமீட்டர் அளவுதான் இருக்க வேண்டும். வீலின் முனை மண்ணால் தேய்ந்து மழுங்கியிருந்தால் ஏர் ஃபில்டர் பாதையில் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் போடும் புது டர்போவும் அப்படியே போகும்.

நீலப்புகை வண்டியில் டர்போவைக் குறை சொல்லும் முன் ஆயில் ரிட்டர்ன் பைப்பையும் பிரீதரையும் பாருங்கள். ரிட்டர்ன் நசுங்கியோ அடைத்தோ இருந்தால் நல்ல சீலும் ஆயிலைத் தள்ளும்.

புது டர்போ, கோர் (ஷாஃப்ட், வீல், பேரிங் சேர்ந்த நடுப்பகுதி) மட்டும் மாற்றுவது, உள்ளூரில் கிட் (உதிரிப் பாகங்கள்) போடுவது என மூன்று தேர்வு. ஹவுசிங்கில் விரிசலோ உரசலோ இல்லை என்றால், பாலன்ஸ் செய்து வரும் கம்பெனி கோர் போதும். முழு டர்போவைவிட நன்றாகக் குறைந்த விலையில் முடியும். கிட் வேலையை நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தொடும் ஷாஃப்டுக்குப் பரிந்துரைக்க முடியாது. பாலன்ஸ் மெஷின் இல்லாத இடத்தில் புது வீல் போட்ட ஷாஃப்ட் சீக்கிரமே பேரிங்கைத் தின்றுவிடும். டர்பைன் வீல் உடைந்திருந்தாலோ ஹவுசிங் வெடித்திருந்தாலோ புதுசுதான் வழி.

எதைப் போட்டாலும் பழைய ஆயில் தேங்கிய இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவிக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் மேட்டில் அந்த ஆயிலைக் குடித்து இன்ஜின் கட்டுமீறி ஓடும். சாவியை அணைத்தாலும் நிற்காது. ஆயில் இன்லெட்டில் சிலிக்கான் பேஸ்ட் தடவாதீர்கள், பிதுங்கி உள்ளே போய் வழியை அடைக்கும். இன்லெட்டில் 50 முதல் 100 மில்லி இன்ஜின் ஆயில் ஊற்றி, வீலைக் கையால் சுற்றி, ஸ்டார்ட் ஆகாமல் கிராங்க் செய்து ரிட்டர்னில் ஆயில் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே ரிட்டர்ன் பைப்பை மாட்டுங்கள். ஸ்டார்ட் ஆனதும் மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். சைலன்சரில் ஊறிய பழைய ஆயில் முதல் சில கிலோமீட்டர் நீலப்புகையாக எரிந்து போகும். அதைப் பார்த்துப் பயந்து புது டர்போவை மறுபடி கழற்ற வேண்டாம்.